துணைக்கு வந்த ஆஸ்கர்

1936 மார்ச் 5. லாஸ் ஏஞ்சலிஸ் பில்ட்மோர் ஹோட்டலில் எட்டாவது ஆஸ்கர் விழா. சிறந்த நடிகர் பட்டியலில் நான்கு பேர். அதில் மூன்று பேர் ஒரே படத்தில் நடித்தவர்கள். ‘மியூட்டினி ஆன் தி பவுன்டி’யில் ஈவிரக்கமற்ற கப்பல் தலைவனாக வந்த சார்லஸ் லாட்டன், அவனை எதிர்த்துக் கலகம் செய்யும் கிளார்க் கேபிள், இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் இளைஞனாக ஃபிரான்சோ டோன். ஓட்டு மூன்றாகச் சிதறியதோ என்னவோ, பரிசை நான்காவது ஆள் தட்டிக்கொண்டு போனார்: ‘தி இன்ஃபார்மர்’ படத்தின் விக்டர் மெக்லாக்லன். சிறந்த படம் என்ற விருதை வாங்கிய பவுன்டிக்கு வேறு ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டே துணை நடிகர், துணை நடிகை என்று இரண்டு புதிய பிரிவுகள் முளைத்தன. பவுன்டி குழப்பம்தான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதி சம்பளத் தகராறு.

ஆஸ்கர் வழங்கும் அகாடமி 1927இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ தலைவர் லூயி பி. மேயர் போட்ட யோசனையில் பிறந்தது. விருது கொடுப்பது அதன் முதல் வேலையல்ல. நடிகர்களும் எழுத்தாளர்களும் தொழிற்சங்கம் அமைத்துவிடாமல், சச்சரவுகளை வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1933இல் பொருளாதார நெருக்கடியைக் காட்டி ஸ்டுடியோக்கள் சம்பளத்தைப் பாதியாக வெட்டின. அகாடமி முதலாளிகள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று கொதித்த நடிகர்கள் அதே ஆண்டு தங்களுக்கென்று ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்டைத் தொடங்கினார்கள். அகாடமியிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1936 விழாவைச் சங்கங்கள் புறக்கணித்தன. ‘தி இன்ஃபார்மர்’ எழுதிய டட்லி நிக்கல்ஸ் தனக்குக் கிடைத்த ஆஸ்கரையே வேண்டாம் என்றார்.

அப்போது அகாடமியின் தலைவர் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா. காலியாகிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஆள் திரும்ப வேண்டுமானால் நடிகர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். சங்கத்தில் நட்சத்திரங்கள் கொஞ்சம்தான். நீதிபதி, சமையல்காரி, குடிகாரன், பக்கத்து வீட்டுக்காரர் என்று வந்து போகிறவர்களே அதிகம். ஐரோப்பிய, அமெரிக்க நாடகக் குழுக்கள், நம் கம்பெனிகளில் ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரித்ததைப் போலவே, ஆளை வேடவாரியாக அமர்த்திப் பழகியவை. கிழவர் வேடத்துக்கு ஒருவர், வில்லனுக்கு ஒருவர், கோமாளிக்கு ஒருவர். ஹாலிவுட் ஸ்டுடியோக்களும் அதே ஏற்பாட்டை வாரச் சம்பள ஒப்பந்தமாக மாற்றிக்கொண்டன. ஆண்டுக்குப் பத்துப் படங்களில் முகம் காட்டினாலும், கேபிளோடும் லாட்டனோடும் ஒரே பட்டியலில் நின்று ஜெயிக்க இவர்களுக்கு வழியே இருக்கவில்லை.

1937 மார்ச் 4 அன்று அதே பில்ட்மோரில் அந்த வழி திறந்தது. முதல் துணை நடிகர் வால்டர் பிரெனன், படம் ‘கம் அண்ட் கெட் இட்’. முதல் துணை நடிகை கேல் சாண்டர்கார்ட், படம் ‘ஆன்டனி அட்வர்ஸ்’. திரையில் அவருக்கு அதுதான் முதல் படம். ஆனால் இருவர் கைக்கும் தங்கச் சிலை வரவில்லை. சிறிய உருவம் பதித்த ஒரு பலகை வந்தது. துணை நடிகருக்குத் துணை விருது!

எது துணை வேடம் என்ற குழப்பமும் அன்றைக்கே கூடவே பிறந்தது. ‘சான் பிரான்சிஸ்கோ’வில் நாயகன் கேபிள். பாதிரியாராகக் கொஞ்ச நேரமே வரும் ஸ்பென்சர் டிரேசியின் பெயரோ சிறந்த நடிகர் பட்டியலில் இருந்தது. வேடத்தின் அளவைவிட ஆளின் அந்தஸ்து பெரிதாகிவிட்டது.

பிரெனனைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1894இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். முதல் உலகப்போரில் சிப்பாய். நில வியாபாரத்தில் பணத்தை விட்டுவிட்டு, வயிற்றுப்பாட்டுக்காகக் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் எக்ஸ்ட்ரா வேலைக்கு வந்தார். படப்பிடிப்பு விபத்து ஒன்றில் முன்பற்கள் போயின. அதுவே மூலதனமாயிற்று. ‘பார்பரி கோஸ்ட்’ படத்துக்கு ஆள் தேடியபோது நடந்ததாக இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் ஒரு கதை சொல்வார். வசனம் மனப்பாடமா என்று ஹாக்ஸ் கேட்க, “வைத்துக்கொண்டா, இல்லாமலா?” என்றாராம் பிரெனன். “எதை?” “பல்லை.” பல்செட்டைக் கழற்றிவிட்டு அவர் பேசிக் காட்டியதும் ஹாக்ஸ் விழுந்துவிட்டார். சில நாள் வேலைக்கென்று வந்தவர் பல வாரம் நடித்தார்.

1938இல் ‘கென்டக்கி’, 1940இல் ‘தி வெஸ்டர்னர்’ என்று மேலும் இரண்டு முறை வென்றார். துணை நடிகர் பிரிவில் மூன்று ஆஸ்கர் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். அதற்கும் ஹாலிவுட்டில் ஒரு பேச்சு உண்டு. சங்கங்களைச் சமாதானப்படுத்த அகாடமி வாக்குரிமையை அவற்றின் உறுப்பினர்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. எக்ஸ்ட்ராக்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டுப் போட்டார்கள். தங்களோடு வரிசையில் நின்ற ஆளை அவர்கள் மறப்பார்களா? பிற்பாடு அந்த உரிமை பறிக்கப்பட்டது. பிரெனனுக்கு அதனால் குறையொன்றும் வரவில்லை. 1957இல் ‘தி ரியல் மெக்காய்ஸ்’ தொடரில் தாத்தாவாக வந்து தொலைக்காட்சியையும் பிடித்துக்கொண்டார்.

இந்தப் பிரிவு இல்லாதிருந்தால் ஹாட்டி மெக்டேனியல் அன்றைக்கு மேடை ஏறியிருப்பாரா என்பது சந்தேகம். கறுப்பினப் பெண்ணுக்குப் பணிப்பெண் வேடம் மட்டுமே கொடுத்த காலம். ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காக 1940இல் ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். விழா நடந்த அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். சக நடிகர்களின் மேஜையில் இடமில்லை. ஓரமாகத் தனி மேஜை. அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்த அந்தப் பலகை பின்னால் தொலைந்துபோனது. மாற்றுப் பலகையை அகாடமி கொடுத்தது 2023இல்.

பலகை போய் முழுச்சிலை வந்தது 1944 விழாவில். அடுத்த ஆண்டு விதியிலேயே ஓட்டை தெரிந்தது. டப்ளினில் பகலில் அரசு அலுவலகம், இரவில் ஆபே தியேட்டர் நாடகம் என்று வளர்ந்தவர் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டு. ‘கோயிங் மை வே’யில் அவர் செய்த ஒரே பாதிரியார் வேடம் சிறந்த நடிகர், துணை நடிகர் என்று இரண்டு பட்டியலிலும் ஏறிவிட்டது. துணையில் வென்றார், நாயகனுக்கான விருது அதே படத்தின் பிங் கிராஸ்பிக்குப் போனது. ஒரு நடிப்பு ஒரு பட்டியலில்தான் என்று விதியைத் திருத்தினார்கள். போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டுச் சிலை வெறும் பிளாஸ்டர். வீட்டில் கோல்ஃப் மட்டையை வீசிப் பழகிய ஃபிட்ஸ்ஜெரால்டு அதன் தலையைத் துண்டித்துவிட்டார்.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகும், எத்தனை நிமிடம் வந்தால் துணை வேடம் என்று அகாடமி கணக்கு வைக்கவில்லை. நாடக மேடையில் பேர் வாங்கிய பியட்ரிஸ் ஸ்ட்ரெயிட், ‘நெட்வொர்க்’கில் ஐந்து நிமிடம்போல வந்து துணை நடிகை விருது வாங்கினார். ‘பேப்பர் மூன்’ படத்தைத் தன் தோளில் சுமந்த பத்து வயது டேட்டம் ஓ’நீல் வாங்கியதும் அதே விருதுதான். நாயகர் பட்டியலில் நெரிசல் என்று கண்டால், நாயக வேடத்தையே ‘துணை’ என்று சொல்லி ஸ்டுடியோக்கள் பிரசாரம் செய்வது இன்று சகஜம். நெரிசலைத் தீர்க்க வந்த பிரிவுக்கே நெரிசல் இடம் மாறிவிட்டது. அப்படி ஓர் இடம் போகும்போது நட்சத்திரத்துக்கு ஒன்றும் குறைவதில்லை. நாலே காட்சியில் வந்து படத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போகிறவரின் பெயர்தான் பட்டியலிலிருந்து விழுகிறது.