‘ஹெட் ஹன்டர்ஸ்’ இசைத்தட்டும் அதன் மறுபதிப்புகளும்

அமெரிக்கப் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ 1973 அக்டோபரில் கொலம்பியா நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஜாஸ் இசையின் கற்பனை விரிவை, ஃபங்க் எனப்படும் கறுப்பின மக்களின் நடன இசைக்குரிய அழுத்தமான தாளக்கட்டோடு பிணைத்த ஜாஸ்-ஃபங்க் வகையில் அது தலையாய இடம் பெற்றது. அதற்குமுன் அவர் நடத்திவந்த ‘முவாண்டிஷி’ குழு கட்டுப்படியாகாமல் கலைந்திருந்தது. ஃபங்க் இசைக்கலைஞர் ஸ்லை ஸ்டோனின் இசையில் ஈடுபாடு கொண்டிருந்த ஹான்காக், பழைய குழுவிலிருந்து ஊதுகருவிக் கலைஞர் பென்னி மாபினை மட்டும் உடன்வைத்துக்கொண்டு, பால் ஜாக்சன், ஹார்வி மேசன், பில் சம்மர்ஸ் ஆகியோரைச் சேர்த்து, சான் பிரான்சிஸ்கோவின் ஒலிப்பதிவுக்கூடங்களில் நான்கே இசைத்துண்டுகளைப் பதிவு செய்தார்.

அக்குழுவில் கிட்டார் கலைஞர் இல்லை. கிட்டார் செய்யவேண்டிய தாள வேலையை, தந்திகளைத் தட்டி மின்வழி ஒலிக்கச்செய்யும் கிளாவினெட் என்ற விசைப்பலகை ஏற்றுக்கொண்டது. ‘கெமிலியன்’ துண்டைத் தொடங்கிவைக்கும் புகழ்பெற்ற கீழ்ச்சுர வரியோ, ஆர்ப் ஒடிசி என்ற சிந்தசைசரில் ஹான்காக்கே வாசித்தது. 1962இல் தாம் முதலில் பதிவு செய்த ‘வாட்டர்மெலன் மேன்’ என்ற மெட்டையும் அவர் புதிதாக அமைத்தார். அதன் தொடக்கத்தில், மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாழ் மக்களின் ஊதல் முறையைப் பின்பற்றி, பில் சம்மர்ஸ் ஒரு பீர் பாட்டிலை ஊதுகிறார்.

இந்த இசை வினைல் தட்டுக்குள் அடங்கியது எளிதில் அன்று. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் பன்னிரண்டு அங்குலத் தட்டில், ஒலி ஒரே சுருள் பள்ளமாக வெட்டப்படுகிறது. கீழ்ச்சுரம் ஆழமாகவும் உரக்கவும் ஒலிக்கவேண்டுமானால் அப்பள்ளம் அகலமாக வளைந்தாடவேண்டும், அகலம் கூடினாலோ பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். ‘கெமிலியன்’ மட்டுமே பதினைந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடுவது. அதனோடு ‘வாட்டர்மெலன் மேன்’ சேர, முதற்பக்கம் இருபத்திரண்டு நிமிடத்தைத் தாண்டியது. மேலும், விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. வேகத்தில் ஊசியின் அடியில் நகரும் பள்ளம், தட்டின் உட்பகுதியை எட்டும்போது அதில் பாதிக்கும் குறைவான வேகத்தையே அடைவதால், நுண்ணிய ஒலிகள் அங்கே நெருக்கப்பட்டு மங்குகின்றன.

தொகுப்பு வெளிவந்த அதே மாதத்தில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதித் தடையை அறிவித்தன. வினைல் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பொருளாதலால் மூலப்பொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, பல நிறுவனங்கள் தட்டுகளை மெலிதாக்கின, பழைய தட்டுகளை உருக்கியும் கலந்தன. முதற்பதிப்பு என்றாலே மேலானது என்னும் சேகரிப்பாளர் நம்பிக்கையை இக்காலத் தட்டுகளுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. நான்கு ஒலிபெருக்கிகளுக்கான ‘எஸ்க்யூ’ முறையிலும் கொலம்பியா இத்தொகுப்பை வெளியிட்டது. அம்முறை சந்தையில் நிலைக்கவில்லை.

ஒலித்தரத்தையே முதன்மையாகக் கொள்ளும் மறுபதிப்புத் தொழில் 1970களின் இறுதியில் உருப்பெற்றது. கலிபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், நாடாவையும் வெட்டும் இயந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓடவிட்டு, உயர்சுரங்களை வெட்டுமுனை நிதானமாகச் செதுக்கும் ‘அரைவேக’ முறையைப் பரவலாக்கி, தட்டுகளை ஜப்பானில் அச்சிடச்செய்தது. 45 சுழற்சி வேகத்தில் பதிக்கும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றது. பள்ளத்தின் வேகம் 35 விழுக்காடு கூடுவதால் ஒலிக்கு இடம் தாராளமாகிறது, ஆனால் ஒரு தட்டில் இருந்தது இரண்டு தட்டுகளாகிறது.

இத்தகைய பதிப்புகளின் அடிப்படை, கலவை முடிந்த நிலையில் கூடத்திலிருந்து வெளிவந்த மூல நாடா. அதிலிருந்து, அலுமினியத் தகட்டின்மேல் மெழுகிய லாக்கர் பூச்சில் பள்ளம் வெட்டி, வெள்ளி பூசி, நிக்கல் முலாமிட்டு, அச்சுகள் எடுக்கப்படுகின்றன. இந்த லாக்கர் தகடுகளை உலகில் இரண்டே நிறுவனங்கள் செய்துவந்தன. கலிபோர்னியாவின் பானிங் நகரிலிருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை 2020 பிப்ரவரியில் எரிந்துபோனபின், ஜப்பானிய நிறுவனம் ஒன்றே எஞ்சியது.

2022இல், மொபைல் ஃபிடெலிட்டியின் பல பதிப்புகளில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது வெளிப்பட்டு, வழக்கு வரை சென்றது. முழுதும் அனலாக் எனக் கருதி அத்தட்டுகளைப் புகழ்ந்தவர்கள் பலர் காதால் அதைக் கண்டறிந்திருக்கவில்லை. நிறுவனம் வெளிப்படையாக இருந்திருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒலியைவிட அதன் வம்சாவளிக்கே விலை கொடுக்கப்பட்டுவந்தது என்பதும் அதில் தெரிந்துபோயிற்று.

உண்மையில், 1973இல் வீடுகளில் ஒலித்த தட்டை இம்மறுபதிப்புகள் மீட்பதில்லை. கூடத்துக்கு வெளியே அன்று எவரும் கேட்டிராத நாடாவின் ஒலியையே அவை அணுக முயல்கின்றன. கீழ்ச்சுர வரி இடம்பெற்று எழுகிறது, மேசனின் தாளம் தெளிகிறது. ஆனால் பக்கத்துக்கு ஒரு துண்டாக 45 சுழற்சியில் பதிக்கப்படும்போது, முன்பு ‘கெமிலியன்’ முடிந்த சில நொடிகளில் கேட்ட பாட்டில் ஊதலுக்கு, கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பவேண்டியிருக்கிறது.