உலக்கையும் தோள்மூட்டும்

நழுவிய தோளைப் பொருத்தும் முறையைச் சுசுருத சம்ஹிதை ஒரே செய்யுளில் முடித்துவிடுகிறது. உலக்கையால் அக்குளை மேலே உயர்த்த வேண்டும். மூட்டு தன் இடத்தில் அமர்ந்தபின் சுவஸ்திகக் கட்டு இட வேண்டும். அவ்வளவே.

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் ‘மூட்டுகள் பற்றி’ என்னும் கிரேக்க நூலும் உலக்கையைச் சொல்கிறது. அது விரிவான உரைநடை. உலக்கையில் மென்துணி சுற்ற வேண்டும். அது விலாவுக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் இடையே செல்ல வேண்டும். நிற்பவர் ஏறத்தாழ அதில் தொங்கும் அளவுக்கு நீளம் வேண்டும் என்றெல்லாம் விளக்குகிறது. யார் யாரிடம் கடன் பெற்றனர் என்ற விவாதம் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றவில்லை. இரு நாட்டு வீடுகளிலும் உலக்கை இருந்தது. அக்குளின் அமைப்போ எங்கும் ஒன்றே.

சுசுருதரின் சொற்சுருக்கத்தை அறிவுக் குறைவாகக் கொள்வதுதான் சிக்கல். மூட்டு விலகலை அந்நூல் 6 வகையாகப் பிரிக்கிறது. இழுத்தல், அழுத்துதல், பொருத்துதல், கட்டுதல் எனச் செயல்முறையையும் வகுக்கிறது. மாணவர் மனித உருப்பொம்மையின் உறுப்புகளில் கட்டுப்போட்டுப் பழக வேண்டும் என்றும் விதிக்கிறது. செய்யுள் நினைவுக்கு உரியது. எஞ்சியதைக் கை கற்றது. அக்குள் வழியே பெரிய தமனியும் கைக்குரிய நரம்புகளும் செல்வதால், உலக்கையை எவ்வளவு அழுத்துவது என்பது சிறிய செய்தியன்று. 1870இல் கோக்கர் விவரித்த முறை, அக்குளில் எதையும் வைக்காமல் கையைச் சுழற்றியே மூட்டைப் பொருத்தியது.

அந்தக் கைகள் யாருடையவை? புணேயிலிருந்தே ஒரு சான்று உண்டு. தோளைப் பற்றியதன்று, மூக்கைப் பற்றியது. திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைக்கொண்டு புதுமூக்கு அமைத்தவர் புணேக்கு அருகில் வாழ்ந்த, செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர். 1794இல் இலண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வெளியான கடிதம் நோயாளியின் பெயரைத் தருகிறது. சிகிச்சை செய்தவரின் பெயரைத் தரவில்லை.

1917இல் புணேயில் நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் மருத்துவச் சுவடிகள் காக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்கச் செல்லும் மாணவர்கள், மராட்டியில் ‘ஹாட்வைத்யர்’ எனப்படும் எலும்பு பொருத்துவோரின் கைமுறைகளையும் பதிவுசெய்து வரலாம். அக்குள் நரம்பை எவ்வாறு காக்கிறார்கள் என்பது முதற்கேள்வியாக இருக்கட்டும்.