பெஞ்சமின் வாவும் குழந்தைக் காப்புப் பணியின் அறக்கொடையும்

குழந்தைகளைக் கொடுமையினின்று காப்பதும், நிலைகுலைந்த குடும்பங்களைத் தாங்குவதும் திருச்சபையின் பணியா, அரசின் பணியா என்னும் வினா நம்மிடையே அவ்வப்போது எழுகின்றது. அப்பணிக்கான பணத்தை யார் கொடுப்பது என்பது அதனைத் தொடர்ந்து வரும் வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து இவ்வினாக்களை எதிர்கொண்ட வரலாறு, ஆயர்களாகிய நமக்கும் இறையியல் மாணவர்க்கும் சிந்தனைக்குரியதாகும்.

அந்நாட்டில் விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் சங்கம் 1824ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. குழந்தைகளுக்கென அத்தகைய சங்கம் தோன்ற மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. இல்லத்தின் வாசலோடு சட்டம் நின்றுவிட வேண்டும் என்ற எண்ணமே இத்தாமதத்துக்குக் காரணம். தொழிற்சாலைச் சிறுவருக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும், இல்லத்துக்குள் நிகழும் கொடுமை சட்டத்துக்கு எட்டாதது என்றே ஒருகால் எழுதினார்.

மாற்றத்துக்கு வித்து அமெரிக்காவில் விழுந்தது. 1874ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மேரி எலன் என்னும் சிறுமி படும் துன்பத்தை எட்டா வீலர் என்ற மெதடிஸ்ட் ஊழியப் பெண்மணி வெளிக்கொணர்ந்தார். விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவரான ஹென்றி பெர்கின் உதவியையே அவர் நாட நேர்ந்தது. இதன் பயனாக அங்குக் குழந்தைகளுக்கென ஒரு சங்கம் எழுந்தது. அதனை 1881இல் நேரில் கண்டு திரும்பிய தாமஸ் ஆக்னியூவின் முயற்சியால் 1883இல் லிவர்பூலிலும், மறு ஆண்டில் லண்டனிலும் சங்கங்கள் நிறுவப்பட்டன. லண்டன் சங்கத்துக்கு ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவே தலைவரானார்.

லண்டன் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் பெஞ்சமின் வா. காங்கிரகேஷனல் சபைப் போதகரான இவர், கிரீனிச்சில் ஊழியம் செய்த காலத்தில் ஏழைச் சிறுவரின் நிலையைக் கண்ணாரக் கண்டவர். 1887இல் சபைப் பொறுப்பினின்று விலகி, இப்பணிக்கே தம்மை ஒப்புவித்தார். கத்தோலிக்கக் கர்தினால் மானிங்கும் இவரும் இணைந்து 1886இல் இப்பொருள் பற்றிக் கட்டுரை வரைந்தனர். கோட்பாட்டில் வேறுபட்டோரைக் குழந்தையின் துயரம் ஒன்றுசேர்த்தது.

பணம் எங்கிருந்து வந்தது? 1889ஆம் ஆண்டுக்குள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் 32 கிளைகள் அமைந்தன. ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்தில் நிதி திரட்டி, ஓர் ஆய்வாளரைத் தாங்கியது. 1891இல் சிறுவர்க்கென ஓர் இரக்கச் சங்கமும் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் பிள்ளைகளுக்காகக் காசு சேர்த்தனர். நம் சபைப் பெண்கள் பிடியரிசி சேர்க்கும் முறையை இது நினைவூட்டுகின்றதன்றோ!

அக்காசு கட்டடங்களை எழுப்புவதில் மட்டும் செலவாகவில்லை என்பதே நாம் கருத வேண்டிய செய்தி. அது ஒரு மனிதரை வீடுவீடாக நடக்கச் செய்தது. 1889ஆம் ஆண்டின் சட்டம் கொடிய பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிக்க வழி செய்தது. எனினும், பெரும்பாலான குடும்பங்கள் நீதிமன்றம் வரை செல்லவில்லை. எச்சரிப்பாலும் தொடர்ந்த கண்காணிப்பாலும் இல்லத்தைச் சீர்ப்படுத்தவே சங்கம் முயன்றது.

சங்கம் குறையற்றதென நாம் கூறவில்லை. பெற்றோரின் கடமையை வலியுறுத்திய அளவுக்கு வறுமையின் வேர்களை அது ஆராயவில்லை. அதன் நிர்வாகத்தின் மீதும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1897இல் ஹெர்ஷல் பிரபு முதலியோர் விசாரித்துச் சங்கம் குற்றமற்றதெனத் தீர்த்தனர். பிறருடைய காணிக்கையைக் கையாள்வோர் விசாரணைக்கு அஞ்சலாகாது என்பதற்கு இது சான்று.

இனி நம் நிலையை நோக்குவோம். விடுதி கட்டக் கொடுப்போர் பலர். கல்வெட்டில் அவர்கள் பெயர் நிற்கும். குடிப்பழக்கத்தால் சிதையும் ஒரு குடும்பத்தை மாதந்தோறும் சந்திக்கும் ஊழியருக்குக் கொடுப்போர் எத்தனை பேர்? நிகழாமற் போன கொடுமைக்குக் கல்வெட்டு இல்லை. தடுக்கப்பட்ட கண்ணீரை ஆண்டறிக்கையில் எண்ணிக் காட்டவும் இயலாது. ஆதலால் இப்பணி ஈகையாளரின் கண்ணுக்குப் படாமற் போகின்றது.

மற்றொன்றும் உண்டு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே ஆகவேண்டும் என 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கின்றது. சபையின் நற்பெயரைக் காப்பதாக எண்ணி மௌனம் காக்கும் ஆயருக்கு இதில் விலக்கில்லை. வெளியார் இல்லங்களில் நிகழும் கொடுமையைக் கண்டிக்கும் நாம், நம் விடுதிகளின் கதவுகளையும் கணக்கேடுகளையும் திறந்து வைத்திருக்கிறோமா?

ஏழை விதவையின் இரு காசுகளை நம் ஆண்டவர் கவனித்தார். அத்தகைய காசுகளைச் சேகரக் கமிட்டியில் பகிர்ந்தளிக்கும்போது, கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அடுத்தபடியாகவேனும் அயல்வீட்டுக் குழந்தை நம் நினைவுக்கு வருமாக.