ஊர்ப் பேய்களும் வந்தேறிகளும்

1991 மாசி மாதம். சுவிசில் மலைக்கிராமமொன்றின் அகதி முகாமில் இருந்தோம். ஒரு பின்னேரம் ஆட்டுத்தோல் போர்த்து, மரமுகமூடி மாட்டி, இடுப்பில் மாட்டுமணி கட்டிய நாலைந்துபேர் றோட்டால் இறங்கி வந்தார்கள். அது அந்தப்பக்கத்துப் பழைய வழக்கமென்று பிறகுதான் தெரியும். முகமூடியென்றால் எங்களுக்குத் தெரிந்தது தலையாட்டிதானே. என்னோடிருந்த அண்ணர் கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை.

'தி விக்கர் மேன்' (1973) பார்த்தபோது அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்கொட்லாந்துத் தீவொன்றுக்கு ஒரு பொலிஸ்காரர் போகிறார். சனம் பாடுகிறது, ஆடுகிறது, நன்றாக உபசரிக்கிறது. போன வருடம் அப்பிள் விளையவில்லை. கடைசியில் தடிகளால் பின்னிய பெரிய மனித உருவுக்குள் அவரை அடைத்து எரிக்கிறார்கள். (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கோ.)

இந்த உருவம் யூலியஸ் சீசரின் எழுத்திலிருந்து வந்தது. கோல் நாட்டு மக்கள் இப்படி எரித்தார்களென்று அவர் எழுதிவைத்தார். அவர்களைத் தோற்கடித்தவரும் அவர்தான். வென்றவன் எழுதியதை எவ்வளவுக்கு நம்பலாமென்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மிச்சத்தை ஃபிரேசரின் 'த கோல்டன் பௌ' (1890) என்ற நூலிலிருந்து எடுத்தார்கள். படக்கம்பனி படத்தை 87 நிமிடமாக வெட்டி, இன்னொரு படத்துக்குத் துணைப்படமாக ஓட்டியது.

இவ்வகைப் படங்களை 'நாட்டார் திகில்' எனலாம். அந்தப் பெயர் பரவியது 2010 இல், மார்க் கேட்டிஸ் பிபிசியில் செய்த ஆவணத்தொடருக்குப் பிறகு. அவர் இதோடு சேர்த்தவை 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' (1968), 'பிளட் ஒன் சேட்டன்ஸ் குளோ' (1971) இரண்டும். முதலாவதில் பேயே இல்லை. 1640களின் உள்நாட்டுப்போரில் அயலவரைச் சூனியக்காரரென்று தூக்கிலேற்றிக் காசு வாங்கிய மத்தியூ ஹொப்கின்ஸ் என்ற உண்மை மனிதனின் கதை. சண்டைக்காலத்தில் காட்டிக்கொடுப்பதும் ஒரு தொழில். மூன்றிலும் என்னை அதிகம் பயப்படுத்தியது இதுதான்.

ஆங்கிலேயரோடு மட்டும் இது தொடங்கவில்லை. 1922 இலேயே டென்மார்க்காரர் கிறிஸ்டென்சன் 'ஹெக்சன்' எடுத்தார். யப்பானில் கனேட்டோ ஷிண்டோவின் 'ஒனிபாபா' (1964): மகன் போருக்குப் போய்விட, மாமியும் மருமகளும் நாணற்காட்டில் ஒளிந்திருந்து, தப்பிவரும் வீரரைக் கொன்று கவசத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். அதிலும் ஒரு முகமூடி வருகிறது, கழற்றமுடியாதபடி. அதன் கீழிருக்கும் முகத்தை அணுகுண்டில் வெந்தவர்களின் முகத்தை நினைத்தே அமைத்தார் ஷிண்டோ. அவர் பிறந்தது ஹிரோஷிமாவில்.

'ஹிஸ் ஹவுஸ்' (2020) வந்தபோதுதான் கமெரா எங்கள் பக்கம் திரும்பியது. தென்சூடானிலிருந்து வந்த தம்பதிக்கு இங்கிலாந்தில் அரசாங்கம் ஒரு வீடு கொடுக்கிறது. பேய் அந்த ஊர்க்காரரதல்ல, இவர்களோடு கடல்தாண்டி வந்தது.

அண்ணருக்கு ரெலிபோன் எடுத்து, பாருங்கோ என்றேன். தான் பேய்ப்படமெல்லாம் பார்க்கிறதில்லையாம்.