தீ எழுப்பிய மண்டபம்

சென்ற வாரம் நெப்போலியனை மிலான் பேராலயத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். 1805 மே 26 அன்று இரும்பு மகுடத்தைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இத்தாலிக்கு அரசரானவருக்கு, அரண்மனை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பேராலயத்தின் தெற்குப் பக்கம், கூப்பிடு தூரத்திலேயே நிற்கிறது பலாட்ஸோ ரெயாலே.

விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா, ஸ்பானியர், ஆஸ்திரியர் என்று கைமாறிய இடம். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஓவியக் கண்காட்சிகள் நடக்கின்றன. யார் எப்போது ஆண்டார் என்ற பட்டியல் கிடக்கட்டும். அங்கே ஒரு மண்டபம் இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

முன்பு அது நாடக அரங்கம். 1770 டிசம்பரில், 14 வயது மொசார்ட் தன் 'மித்ரிதாத்தே' இசை நாடகத்தை அரங்கேற்றியது அங்கேதான். 1776-ல் தீப்பிடித்து அரங்கம் சாம்பலானது. கட்டடக் கலைஞர் பியர்மரினி புது அரங்கை வேறோர் இடத்தில் கட்டினார். அதுதான் 'லா ஸ்காலா'. எரிந்த இடத்தில் எழுந்ததோ ஆடல் மண்டபம். கட்டடத்தையே தலையில் தாங்குவதுபோல் சுவர் நெடுகச் சுதைப் பெண் சிலைகள். அவற்றால்தான் 'காரியாத்திதி மண்டபம்' என்ற பெயர்.

1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் நெருப்புக் குண்டுகளைக் கொட்டின. கூரையின் மரச்சட்டங்கள் எரிந்து உள்ளே விழுந்தன. அந்தச் சூட்டுக்குச் சுதை எம்மாத்திரம்? மூக்கு உதிர்ந்தது, கை போனது, சில முகங்களில் பாதிதான் மிச்சம்.

அதே மாதம் குண்டுபட்ட லா ஸ்காலாவை 1946-க்குள் மீட்டெடுத்து, இசை நடத்துநர் டோஸ்கனினியை அழைத்துக் கச்சேரியும் நடத்திவிட்டார்கள். இந்த மண்டபத்துக்கோ கூரையும் தரையும் மட்டும் போட்டார்கள். சிலைகளுக்குப் புது மூக்கு ஒட்டவில்லை. அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்பேன்.

1953-ல் பிக்காசோவின் 'கெர்னிக்கா' அங்கே வந்தது. ஏறக்குறைய 7.8 மீட்டர் அகல ஓவியம். குண்டுவீச்சில் அலறும் பெண்கள். எதிரே, குண்டுவீச்சில் முகமிழந்த பெண்கள். இந்தப் பொருத்தத்தைச் சிலாகிக்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிக்கா ஊரின் மேல் குண்டு வீசியவை ஹிட்லரின் விமானங்கள் மட்டுமல்ல, முசோலினியின் விமானங்களும்தான். அடித்த நாட்டின் அடிபட்ட மண்டபத்தில்தான் அந்த ஓவியம் நின்றது.

முசோலினி ஆட்சியில் இந்த அரண்மனைக்கு விழுந்த அடி இன்னொன்றும் உண்டு. குண்டே இல்லாமல், கடப்பாரையால். ஒரு சிறகையே இடித்துவிட்டு அங்கே 'அரெங்காரியோ' என்ற கட்டடத்தைக் கட்டினார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)