கிடுகுக் கொட்டிலில் ஒரு பட்டதாரி

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் தஞ்சமடைந்தனர். யாழ்ப்பாண நகரத்தவர்க்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

சில ஆண்டுகள் கழித்துச் செய்தி சேகரிக்கக் கற்பிட்டி வீதியோர முகாமொன்றுக்குச் சென்றிருந்தேன். என்னைக் கண்டதும் ஓர் இளைஞர் எழுந்து கிடுகுக் கொட்டிலின் பின்புறமாக மறைந்துவிட்டார். "மகன் பட்டதாரி" என்றார் தந்தை, மன்னிப்புக் கேட்பவர்போல. "கலியாண வீட்டுக்கும் வாறதில்லை. என்ன வேலை எண்டு சனம் கேக்குமாம்."

தந்தை வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்துவந்தார். மகனை அங்கே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆசிரிய நியமனத்துக்காகக் குடும்பமே காத்திருந்தது. புத்தளத்தாருக்கே போதாத நியமனங்களில் வந்தவர்களும் பங்கு கேட்கிறார்கள் என்ற முணுமுணுப்பு வேறு.

இந்தக் காத்திருப்பு பழையது. 1960களில் பல்கலைக்கழகக் கலைப்பீடங்கள் தாய்மொழிக்கு மாறின. தனியார் கம்பனிகளோ ஆங்கிலத்தை விடவில்லை. பட்டதாரிக்கு எஞ்சியது அரசாங்கக் கதவு ஒன்றே. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் படித்த இளைஞரே முன்னின்றனர். அவ்வாண்டு டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் தாபனக் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் இருக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டியது. எனக்கு இது பாதி நியாயமாகவே படுகிறது. ஓய்வூதியமுள்ள மாப்பிள்ளையைத் தேடிய ஊருக்கும் அந்த எதிர்பார்ப்பில் பங்குண்டு. இரண்டாவது கிளர்ச்சியின் பின் 1990இல் வெளிவந்த இளைஞர் ஆணைக்குழு அறிக்கை, நியமனங்களில் அரசியல் செல்வாக்கு புகுந்ததைக் கண்டித்தது.

ஜப்பானில் கம்பனிகள் பட்டம் முடிக்கும் ஆண்டிலேயே ஆள் எடுப்பது வழக்கம். 1993 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்த மந்தத்தில் அந்த வாய்ப்பைத் தவறவிட்ட பலருக்குப் பின்னர் நிலையான வேலை அமையவில்லை. அறைக்குள் முடங்கியோரும் அந்நாட்டில் பெருகினர். 40 முதல் 64 வயது வரையில் அவ்வாறு ஒதுங்கி வாழ்வோர் சுமார் 6,13,000 பேர் என 2019இல் அந்நாட்டு அரசு மதிப்பிட்டது. எல்லோரும் வேலையின்மையால் முடங்கியவர்கள் அல்லர். ஆயினும் அத்தொகையைப் படித்தபோது கற்பிட்டி இளைஞரே நினைவுக்கு வந்தார். பூட்டிக்கொள்ள அவருக்குக் கதவுள்ள அறைகூட இருக்கவில்லை.

அவரை மீண்டும் சந்தித்தது 2013இல். முந்திய ஆண்டு பட்டதாரிகள் பெருமளவில் சேர்க்கப்பட்டபோது பிரதேச செயலகமொன்றில் இடம் கிடைத்திருந்தது. வயது நாற்பத்திரண்டு, மணமாகவில்லை, தந்தை காலமாகிவிட்டார். தேநீர்க் கடையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அறுபதில இளைப்பாறினா முழுப் பென்சனுக்குச் சேவைக்காலம் காணாது, என்ன ஐயா?"