அயலார் சாட்சி

1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் வலிகாமத்தில் இராணுவம் முன்னேறத் தொடங்கிற்று. இடம்பெயர்ந்த மக்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அயலிலிருந்த முருகன் ஆலயத்திலும் ஒதுங்கினர். சைவர், கிறிஸ்தவர் என்ற பேதம் அன்று எவருக்கும் தோன்றவில்லை. விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். யாழ்ப்பாண மேற்றிராணியார் தோமஸ் சவுந்தரநாயகம் ஆண்டகை சனாதிபதியிடம் முறையிட்டார். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் செய்தியை வெளியுலகுக்கு அறிவித்தது. அரசாங்கமோ அச்சங்கத்தையே கடிந்துகொண்டது. அயலார் சாட்சிக்குள்ள வலிமையை அந்தக் கோபமே காட்டிற்று எனலாம்.

இத்தகைய சாட்சியை நாடியவர் நாம் மட்டுமல்லர். பலஸ்தீனத்து ஹெப்ரோன் நகரில், 1994இல் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் அங்கு சென்றனர். 2002இல் எருசலேம் திருச்சபைத் தலைவர்களின் வேண்டுகோளை ஏற்று, உலகத் திருச்சபைகள் மன்றம் தொண்டர்களை அனுப்பிற்று. சோதனைச் சாவடியில் நிற்பதும், பிள்ளைகளோடு பாடசாலைக்கு நடப்பதும், கண்டதை எழுதுவதுமே அவர்தம் பணி.

அதே 2002இல், போர்நிறுத்த உடன்படிக்கையின்படி நோர்வே முதலிய ஐந்து நாட்டவர் ஆயுதமின்றி யாழ்ப்பாணம் வந்தனர். மீறல்களைப் பதிந்தனர், தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் எறிகணைகள் விழுந்தன. சில நாட்களில் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். அப்பொழுதும் கண்காணிப்பாளர் நாட்டில் இருந்தனர்.

2008 சனவரியில் உடன்படிக்கை முடிந்தது. அவர்கள் பணியும் முடிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளர் கிளிநொச்சியை விட்டுப் புறப்படலாயினர். மக்கள் அவர்கள் வாசலில் திரண்டு, போகவேண்டாமென மன்றாடினர்.